கால்களைப் பழக்க ஏற்காடு போதும். உயரத்துக்குப் பழக நாள்தான் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்திலிருந்து கேதார்நாத், லடாக், எவரெஸ்ட் அடிவார முகாம் என்று குழு சேர்த்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் பயிற்சி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஏற்காடு ஒன்றுதான். நாலு ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து மேலே நடந்துவிட்டால் இமயமலைக்குத் தயார் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் பாதி சரி, பாதி தப்பு. எந்தப் பாதி எது என்பதற்காகவே இந்தக் கடிதம். இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால் எங்கு வேண்டுமானாலும் வெட்டுங்கள். அளவுகளில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,515 மீட்டர். சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,620ஐ ஒட்டி. உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். தென்னிந்தியாவில் அதைவிட உயர்ந்த ஆனைமுடி 2,695. ஆகவே 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கி உடம்பைப் பழக்க நம் பக்கத்தில் இடமே கிடையாது. ஏற்காட்டில் நூறு முறை ஏறி இறங்கினாலும் இந்த ஒரு விஷயத்தில் ஒரு படிகூட முன்னேற முடியாது.

காரணம் எளிது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் குறைவது காற்றழுத்தம். ஏற்காட்டில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 83 சதவீதம். கேதார்நாத் 3,583 மீட்டரில் இருக்கிறது, அங்கே 65. எவரெஸ்ட் பாதையில் கடைசி இரவு தங்கும் கோரக் ஷெப் 5,164 மீட்டர், அங்கே ஏறத்தாழ 53. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு முதலில் வேகமாக மூச்சு வாங்கி ஈடுகட்டப் பார்க்கும். அப்படி மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் காரத்தன்மை கூடும்; அதைச் சிறுநீரகம் வெளியேற்றிச் சரிசெய்ய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். சிவப்பணு கூடுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். இதில் தசை வலிமைக்கு வேலையே இல்லை. மாரத்தான் ஓடுகிறவருக்கும் இந்த நோய் வரும், அவர் வேகமாக ஏறிவிடுவார் என்பதால் சில சமயம் முதலில் அவருக்கே வரும்.

எனவே எந்தப் பயணத்திலும் முதலில் பார்க்க வேண்டியது சிகரத்தின் உயரம் அன்று. ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். பகலில் மேலே ஏறிவிட்டுக் கீழே வந்து தூங்குவதில் தவறில்லை, அது நல்லதும்கூட.

எவரெஸ்ட் பாதையில் வழக்கமாகப் போடும் திட்டத்தை வைத்தே இதைச் சரிபார்க்கலாம். லுக்லாவில் இறங்கி, பாக்டிங்கில் 2,610 மீட்டரில் ஓர் இரவு. நாம்சே பஜாரில் 3,440, இரண்டு இரவு. தெங்போச்சே 3,860. அடுத்து திங்போச்சே 4,410. இது 550 மீட்டர் ஏற்றம், அதனால் அங்கே இரண்டு இரவு. பிறகு லொபுசே 4,900ஐ ஒட்டி, கடைசியில் கோரக் ஷெப். நாளைக் குறைத்துக் கட்டணத்தையும் குறைத்துக் காட்டும் திட்டங்களில் முதலில் காணாமல் போவது நாம்சேயிலும் திங்போச்சேயிலும் உள்ள அந்த இரண்டாவது இரவுகள்தான். "சும்மா உட்கார்ந்திருக்கும் நாள்" என்று நினைத்து நாமே வெட்டச் சொல்வதும் உண்டு.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் போகும் கேதார்நாத்தின் நிலைமை இன்னும் மோசம். கௌரிகுண்ட் ஏறத்தாழ 1,980 மீட்டர். அங்கிருந்து 16 கிலோமீட்டர் போல நடந்து ஒரே நாளில் 1,600 மீட்டர் ஏறி, மேலேயே படுத்துவிடுகிறார்கள். குதிரையோ ஹெலிகாப்டரோ காலுக்குத்தான் ஓய்வு தரும். ஹெலிகாப்டர் உயரத்தை இன்னும் திடுமென்று ஏற்றிவிடுகிறது. தரிசனம் முடித்து அன்றே இறங்க முடிந்தால் இறங்குவது, முடியாவிட்டால் முன்னதாக 2,000 மீட்டரை ஒட்டி இரண்டு இரவாவது தங்கிப் போவது. அறுபது வயதைத் தாண்டியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கட்டாயமாக வைத்துக்கொள்ள வேண்டும். லடாக்கில் டெல்லியிலிருந்து காலை விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டரில் இறக்கிவிடுவார்கள். முதல் 48 மணி நேரம் லே ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும். வந்த மறுநாளே 4,250 மீட்டரில் இருக்கும் பாங்காங் ஏரிக்கரையில் கூடாரத்தில் தூங்கவைக்கும் திட்டத்தை வேண்டாம் என்று சொல்லத் தயங்கக்கூடாது.

சேலத்தில் தயார் செய்துகொள்ளக் கூடியது கால், பாதம், பை, ரத்தம் இந்த நான்கும். அதற்கு 12 முதல் 16 வாரம் வேண்டும்.

காலுக்கான பயிற்சியில் சேலத்துக்காரர்கள் வழக்கமாகச் செய்வது, நடந்து ஏறி, மேலே சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் இறங்கி வருவது. நேர்மாறாகச் செய்ய வேண்டிய காரியம் இது. ஏறும்போது மூச்சு வாங்கும், வியர்க்கும், அவ்வளவுதான். தொடையை உடைப்பது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவதால் தசைநாரில் நுண்ணிய கிழிசல்கள் விழுகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். இமயமலையில் மூன்றாம் நாள் கால் மடக்க முடியாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் நாள் ஒரு பள்ளத்தாக்கில் இறங்கியவர்கள். நல்ல செய்தி என்னவென்றால், ஒரு முறை இந்த வலியைப் பட்ட தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும். ஒரு வழிக்குத்தான் நேரம் என்றால் பஸ்ஸில் ஏறி, நடந்து இறங்குங்கள். கடைசி நீண்ட இறக்கம் பயணத்துக்கு 10 முதல் 14 நாள் முன்பு இருக்கட்டும். அதற்குப் பிறகு லேசான நடை போதும்.

எங்கே நடப்பது என்பதிலும் ஒரு சிக்கல். கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கமிருந்து ஏறும் பழைய காட்டுப்பாதை போன்றவை பயிற்சிக்கு மிகப் பொருத்தம், ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. தீப்பருவத்தில், பொதுவாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, பாதைகள் மூடியே இருக்கும். மே மாதப் பயணத்துக்கு நாம் பயிற்சி எடுக்க வேண்டிய காலமும் சரியாக அதுதான். காட்டுமாடுகள் வேறு இருக்கின்றன. இருபது கொண்டை ஊசி வளைவுள்ள மலைச்சாலையில் நடக்கலாமே என்றால், சனி ஞாயிறில் வண்டிகளுக்கே இடம் போதவில்லை. நடந்தே ஆக வேண்டுமென்றால் வார நாளில், விடிந்தவுடன், குப்பனூர் வழிச் சாலையில், எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கமாக நடக்கலாம்.

பாதை மூடியிருக்கும் மாதங்களுக்குப் படிக்கட்டு இருக்கிறது. ஒரு படி 17 சென்டிமீட்டர் என்று கொண்டால் 1,000 மீட்டர் ஏற்றத்துக்கு ஏறத்தாழ 6,000 படி. திருச்செங்கோட்டில் சுமார் 1,200 படி இருப்பதாகச் சொல்வார்கள். மூன்று முறை ஏறி இறங்கினால் 600 மீட்டரைத் தொடலாம். ஆனால் அது கோயில் படி. வெறுங்காலோடு, பையில்லாமல், பக்தர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஏற வேண்டிய இடம். பூட்ஸும் சுமையும் பழக அடுக்குமாடிக் கட்டடத்தின் படி போதும்: மாடிக்கு 3 மீட்டர் வீதம் ஐந்து மாடிக்கு 15 மீட்டர், நாற்பது தடவைக்கு 600. சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

முதல் நான்கு வாரம் வாரத்துக்கு நான்கு நாள், 45 நிமிடம், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். இத்தோடு வாரம் இரண்டு நாள், 20 சென்டிமீட்டர் உயரப் பலகையிலிருந்து ஒற்றைக் காலால் நான்கு எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக இறங்கும் பயிற்சி, காலுக்கு 12 வீதம் மூன்று சுற்று. முட்டி உள்பக்கம் மடங்கினால் பலகையின் உயரத்தைக் குறைக்கவும். ஐந்தாம் வாரத்திலிருந்து முதுகில் 5 கிலோ. ஒன்பதாம் வாரத்திலிருந்து 8 முதல் 10 கிலோ, வாரத்தில் ஒரு நாள் ஐந்தாறு மணி நேர நடை. கடைசி மாதத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நடக்க வேண்டும், ஏனென்றால் களைத்த காலோடு மறுநாள் கிளம்புவதுதான் அங்கே தினசரி வேலை. 8 கிலோவோடு 1,000 மீட்டரை மூன்று மணி நேரத்தில் ஏறி, கைப்பிடிக்காமல் இறங்கி, மறுநாள் காலை அதில் பாதியையாவது செய்ய முடிந்தால் கால் தயார் என்பது எங்கள் அளவுகோல்.

சுமைக்குத் தண்ணீர்ப் பாட்டில்தான் நல்லது. மேலே போனதும் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கினால் முட்டிக்குச் சுகம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். முதல் மாதத்துக்கு அது சரி. பிறகு கொட்டாமல் இறங்கிப் பழக வேண்டும். கைத்தடி வைத்திருப்பவர்கள் இறக்கத்தில் அதை 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளவும்.

அடுத்து பாதம். பூட்ஸ் வாங்க மாலையில் போங்கள். அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். அங்கே போடப்போகும் தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். வழக்கமான அளவைவிட அரை அல்லது ஓர் அளவு பெரிதாக வரும். சரிவான பலகையில் இறங்கிப் பார்க்கும்போது கட்டைவிரல் முனையில் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம், நகம் கருத்துக் கழன்றுவிடும். பயணத்துக்கு முன் 80 கிலோமீட்டராவது அதைப் போட்டு நடந்திருக்க வேண்டும். விமான நிலையத்தில் புதுப்பெட்டி பிரிப்பவர்களுக்கு இரண்டாம் நாள் கொப்புளம் உறுதி. இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னோர் ஆபத்து: அட்டத்தில் நாலைந்து வருடம் கிடந்த பழைய பூட்ஸ். மேலே தோல் பளபளவென்று இருக்கும். அடிப்பாகத்தில் உள்ள பாலியூரித்தேன் நம் ஊர் ஈரக்காற்றில் உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோய், மலையில் பத்தாவது கிலோமீட்டரில் கொத்தாகக் கழன்று வரும். வீட்டில் வளைத்துப் பார்த்து, ஒரு நாள் முழுக்கப் போட்டு நடந்து பார்த்தபிறகே எடுத்துச் செல்லவும். நகத்தைக் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு நேராக வெட்டிக்கொள்ளுங்கள். நடக்கும்போது எங்காவது சுருக்கென்று சூடு தெரிந்தால் அடுத்த ஓய்விடம் வரை பொறுக்காமல் அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். கொப்புளம் எழும்பிய பிறகு ஒட்டுவதில் பயன் குறைவு.

உடை விஷயத்தில் பருத்தி ஊரில் பிறந்த நமக்கு ஒரு சங்கடம். பருத்தி பனியனும் ஜீன்ஸும் மலைக்கு ஆகாது. வியர்வையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், காயாது, நின்றதும் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். தோலை ஒட்டி பாலியெஸ்டரோ கம்பளியோ, அதன் மேல் ஃப்ளீஸ், நிற்கும்போதும் இரவிலும் இறகு அடைத்த டவுன் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஒன்று. நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிடத்தில் நனைந்துவிடுவீர்கள். பனி இருக்கும் இடத்தில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி ஆளுக்கொன்று கட்டாயம். பையின் எடையில் பெரும்பகுதி இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும். தோளில் தொங்கினால் பட்டையைத் தளர்த்தி முதலிலிருந்து கட்டவும்.

நான்காவது ரத்தம். பயிற்சி தொடங்கும் வாரத்திலேயே ஹீமோகுளோபின் பார்த்துவிட வேண்டும். குறைவாக இருந்து இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினால் சரியாக இரண்டு மூன்று மாதம் ஆகும். கிளம்பும் வாரத்தில் பார்த்துப் பயனில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதயப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கவும். அரிவாள் செல் மரபணு (சிவப்பணு அரிவாள்போல் வளையும் பரம்பரைக் குறை) உள்ளவர்களுக்கு உயரத்தில் மண்ணீரல் பாதிக்கப்படலாம் என்பதால் குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்சுலின் உறைந்தால் வீண். இரவில் தூக்கப்பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளவும்.

மாத்திரை பற்றி நிறையக் குழப்பம். அசிட்டசோலமைடு என்பது மேலே சொன்ன சிறுநீரக வேலையை விரைவுபடுத்தும் மருந்து. நோயை மறைத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவது தவறு. முன்தடுப்பாக மருத்துவர்கள் பொதுவாக எழுதுவது 125 மில்லிகிராம், காலை மாலை, ஏற்றத்துக்கு முந்தைய நாளிலிருந்து. கடையில் கிடைப்பது 250 மில்லிகிராம் மாத்திரை என்பதால் பாதியாக உடைக்க வேண்டும். விரல் நுனி கூசும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சுவைக்காது, பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தாமாக எடுக்கக்கூடாது. எடுப்பவர்களும் வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. கற்பூரத்தை முகர்ந்தால் ஆக்சிஜன் கூடும் என்பதற்கு ஆதாரமில்லை. மூக்கு திறந்த மாதிரி இருக்கும், அவ்வளவே. கடையில் விற்கும் ஆக்சிஜன் டப்பாவில் 10 லிட்டர் என்று போட்டிருந்தால், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் அது ஐந்து நிமிடத்துக்கு வரும்.

ஏற்காட்டுக் காப்பி குடித்துப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. மலைக்காக அதைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் வரும் தலைவலியும் உயரத்தால் வரும் தலைவலியும் ஒன்றுபோலவே இருக்கும், எது எதுவென்று பிரிக்க முடியாது. நிறுத்தவேண்டியது மதுவையும் தூக்க மாத்திரையையும். தண்ணீர் நாளைக்கு 3 முதல் 4 லிட்டர், உப்புச் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்து. வெறும் தண்ணீரை ஆறேழு லிட்டர் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து வேறு தொல்லை வரும். பசி எடுக்காது என்பதால் பழகிய தின்பண்டம் கையில் இருக்கட்டும்: கடலை மிட்டாய், பொருள்விளங்காய் உருண்டை.

எப்போது நிற்பது, எப்போது இறங்குவது என்பதை எல்லோரும் கிளம்புமுன்பே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். புது உயரத்தில் தலைவலி, அதோடு குமட்டல், கிறுகிறுப்பு, அசதி இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது உயர நோய் என்றே எடுத்துக்கொள்ளவும். பாராசிட்டமால் போட்டு, அங்கேயே ஓய்வெடுக்கலாம்; சரியாகும் வரை ஒரு மீட்டர்கூட மேலே போகக்கூடாது. தரையில் நேர்கோடு போட்டு, குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மூளை வீங்கத் தொடங்கிவிட்டது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், படுத்தால் இருமல் கூடினால் நுரையீரலில் நீர் சேர்கிறது. இரண்டுக்கும் விடியும்வரை காத்திருக்க நேரமில்லை. ஆக்சிஜன் இருந்தால் கொடுத்துக்கொண்டே, துணைக்கு ஆளோடு, 300 முதல் 1,000 மீட்டர் வரை உடனே கீழே இறக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் எண் நன்றாக இருக்கிறதே என்று இதைத் தள்ளிப்போடக்கூடாது; குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சு மேலும் அந்தக் கருவி தப்பாகக் காட்டும்.

காசு கட்டிவிட்டோமே, மற்றவர்களுக்கு இடைஞ்சலாகிவிடுமே என்று தலைவலியை மறைப்பவர்கள் குழுவில் எப்போதும் ஒருவராவது இருப்பார். அதனால் காலையும் இரவும் ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லிக் கேட்பது குழுத்தலைவரின் வேலை. நோயாளியோடு இறங்க எந்த வழிகாட்டி போவார், மீதிப்பேரை யார் நடத்துவார் என்று பயண நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். காப்பீட்டில் எந்த உயரம் வரை செல்லும் என்ற வரி இருக்கும். 4,000 மீட்டரோடு முடிந்தால் எவரெஸ்ட் பாதைக்கு அது உதவாது. லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது என்பதால் குழுவில் இருவரிடமாவது போஸ்ட்பெய்டு எண் இருக்கட்டும்.

தங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. மலைப்பயண அறிவிப்புகளையும் விளம்பரங்களையும் வெளியிடும்போது, கட்டணம், சிகரத்தின் உயரம் இவற்றோடு, ஒவ்வோர் இரவும் தூங்கும் இடமும் அதன் உயரமும் மீட்டரில் இடம்பெற வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். 3,000க்கு மேல் உள்ள எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்க்க வாசகர்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்கு விளம்பரத்தில் இடமில்லை என்று சொல்லும் நிறுவனத்திடம், முன்பணம் கட்டுமுன் வாசகர்களே அதை நேரில் கேட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மலையேற்றப் பயிற்சி அளிக்கும் நண்பர்கள் சிலர்,
சேலம்.